ஏற்காட்டில் பார்த்த அரிய பறவையை வரைந்து காட்டினால் நம்புவார்களா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஓவியம் பற்றிய கேள்வி. நவம்பர் மாதக் கடைசியில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் ஓரம், சில்வர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு நிறமாக இருந்த, சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை ஒன்றைச் சில வினாடிகள் பார்த்திருக்கிறீர்கள். கையில் கேமரா இல்லை. இரவு சேலம் திரும்பியதும் இணையத்தில் தேடி, அது காஷ்மீர் ஈப்பிடிப்பானாக இருக்கலாம் என்று எண்ணி, பிறகு நினைவிலிருந்து வண்ணத்தில் வரைந்து இங்கே இட்டிருக்கிறீர்கள். ஓவியம் கற்காத ஒருவர் அரிய வலசைப் பறவைகளை வரைய எப்படிப் பழகுவது, இப்படி வரைந்த படத்தை ஆதாரமாக ஏற்பார்களா என்று இரண்டாகக் கேட்கிறீர்கள். இரண்டும் ஒன்றே என்று எனக்குப் படுகிறது: தம் கண்ணால் கண்டதை, அந்த இடத்தில் இல்லாத இன்னொருவர் நம்பும்படி தாளில் இறக்கி வைப்பது எப்படி என்பதே அது. கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, சேலத்தில் பள்ளி ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி, அந்தக் காலம் முழுவதும் ஏரிக்கரைகளிலும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் பறவைகளை வரைந்து வந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பறவையியலில் நான் பட்டம் பெற்றவன் அல்லன்; ஆகவே வரைதலைப் பற்றி நான் சொல்வதைப் பயிற்சியால் வந்த உறுதியோடும், இனங்காணல் பற்றிச் சொல்வதைக் களத்தில் நெடுநாள் பழகியவனின் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பறவை. உங்கள் படத்தைக் கொண்டு அதைக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று உறுதி செய்யவும் இயலாது, இல்லை என்று மறுக்கவும் இயலாது. படம் நன்றாக வரவில்லை என்பது காரணம் அன்று. தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவுப் பொருத்தம் பயிற்சியில்லாத கை வரைந்தது என்று சொல்ல முடியாதபடி அமைந்திருக்கிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் குளிர்காலத்தில் ஆரஞ்சு மார்பு காட்டும் சிறு ஈப்பிடிப்பான் என்றால் முதலில் நினைக்க வேண்டியது டிக்கல் நீல ஈப்பிடிப்பான். அது வலசை வருவதன்று. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. அதன் நீல முதுகு நல்ல வெளிச்சத்தில்தான் நீலமாகத் தெரியும். மர நிழலில், அதிலும் பெண் பறவையானால், முதுகு வெறும் சாம்பல் பழுப்பாகத் தோன்றி, மார்பின் ஆரஞ்சு மட்டும் கண்ணில் நிற்கும். அடுத்தது, கிழக்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தை இந்தியாவில் கழிக்க வரும் செந்தொண்டை ஈப்பிடிப்பான். மூன்றாவது இடத்தில்தான் காஷ்மீர் ஈப்பிடிப்பானை வைக்க வேண்டும். வடமேற்கு இமயத்தில் கூடு கட்டி, நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் அந்தப் பறவை சேர்வராயன் மலையில் தென்பட்டால் அது உண்மையிலேயே பெரிய செய்தி.

இம்மூன்றையும் பிரிக்கும் அடையாளங்கள் மிகச் சிறியவை. செந்தொண்டைக்கும் காஷ்மீருக்கும் வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளைத் திட்டுகள் உண்டு. நீல ஈப்பிடிப்பானுக்கு அவை இல்லை. செந்தொண்டையையும் காஷ்மீரையும் தமக்குள் பிரிக்க, ஆண் பறவையின் ஆரஞ்சு நிறம் எதுவரை இறங்குகிறது, அதற்குக் கறுப்புக் கரை உண்டா என்று பார்க்க வேண்டும். செந்தொண்டையில் நிறம் தொண்டையோடும் மேல்மார்போடும் நின்றுவிடும், கரை இராது; காஷ்மீரில் நிறம் அடர்ந்து மார்பின் கீழ்வரை இறங்கும், தொண்டையின் பக்கங்களிலிருந்து மார்போரம் வரை கறுப்புக் கோடு ஓடும். பெண் பறவைகளிலும் இளம் பறவைகளிலும் இந்த ஆரஞ்சு இல்லாமலோ மிகவும் மங்கியோ இருக்கும் என்பதால் அங்கே தேர்ந்தவர்களும் தயங்குவார்கள். உங்கள் படத்தில் வால் அடியில் வெள்ளைத் திட்டும் இருக்கிறது, மார்பில் கறுப்புக் கரையும் இருக்கிறது. இவை கிளையில் கண்டவையா, இரவில் திரையில் கண்டவையா என்பதுதான் என் கேள்வி. இது உங்கள் நேர்மையின் மீதான ஐயம் அன்று. சில வினாடிக் காட்சியின் மீது, தெளிவாக எடுக்கப்பட்ட பத்துப் புகைப்படங்களை அடுக்கிய பின்பு, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல எவருடைய மனத்தாலும் ஆகாது. வரைவதற்கு முன்பே திரையைப் பார்த்துவிட்டதால், உங்கள் படத்தில் இருக்கும் மிக முக்கியமான இரண்டு அடையாளங்கள் பயனற்றுப் போய்விட்டன.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விதி இது: புத்தகத்தையோ கைப்பேசியையோ திறப்பதற்கு முன், முடிந்தால் நின்ற இடத்திலேயே வரைந்துவிடுங்கள், பார்க்காத பகுதியை வெறுமையாக விட்டுவிடுங்கள். இலை மறைத்துக் கால் தெரியவில்லையென்றால் கால் வரையாதீர்கள். அந்த இடத்தில் ‘கால் பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். வால் ஒரு நொடி மட்டும் தெரிந்தது, வெளிச்சம் எதிரே இருந்தது என்றால் அதையும் எழுதுங்கள். ஓவிய வகுப்பில் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது படத்தை முழுமையாக்கு என்பது. களக் குறிப்பேட்டில் அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டியிருக்கிறது. தலையும் மார்பும் மட்டும் வரைந்து, மற்றதை வெளிக்கோடாகக்கூட இடாமல் விட்ட ஒரு பக்கத்தைப் பார்த்தால், இதை வரைந்தவர் கண்டதை மட்டும் வரைகிறார் என்ற நம்பிக்கை எனக்கு உடனே வந்துவிடும். அவர் வரைந்திருக்கும் மார்புக் கோட்டையும் அப்போது நம்புவேன். நண்பர்களோடு போயிருந்தால், பறவை பறந்ததும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே வரைந்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் தாளிலும் தனித்தனியே இடம்பெற்ற அடையாளத்துக்கு இருக்கும் வலிமை, பேசி முடிவு செய்து வரைந்த அடையாளத்துக்கு ஒருபோதும் இராது.

ஆதாரமாக ஏற்பார்களா என்றால், ஏற்பார்கள், நிபந்தனைகளோடு. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளைப் பட்டியலிட நடந்த வெர்னே ஆய்வு சேர்வராயன் மலைக்கும் வந்தது; அக்காலத்தில் ஆதாரம் என்றால் சுட்டு வீழ்த்திப் பதப்படுத்திய உடல். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிஜிட்டல் கேமரா எல்லார் கைக்கும் வருவதற்கு முன்பு பல நாடுகளில் அரிய பறவைப் பதிவுகள் எழுத்து விவரத்தையும் களக்கோட்டோவியத்தையும் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. பிரிட்டனில் 1959இல் இதற்கென்றே அமைந்த குழு அப்படித்தான் வேலை செய்தது. இன்று நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும், பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் இணையதளத்தில், ஓர் இடத்துக்கு வழக்கமில்லாத பறவையைச் சேர்த்தால் விவரம் கேட்கும். தன்னார்வலராக இருக்கும் மதிப்பாய்வாளர் அதைப் பார்ப்பார். அங்கே குறிப்பேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றலாம். களக்குறிப்பு, கோட்டோவியம் என்று அதற்குத் தனி அடையாளமே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்துக்கே முதல் பதிவு என்னும் அளவுக்கு அரிய பறவையென்றால், தனியொருவரின் வரைபடத்தை மட்டும் வைத்து ஏற்க மதிப்பாய்வாளர் தயங்குவார், தயங்குவதே முறை. சுமாரான புகைப்படம்கூடப் பெரும்பாலும் வரைபடத்தைவிட வலுவான சான்று. இருநோக்கியின் கண்ணாடியில் கைப்பேசியை ஒட்டிப் பிடித்து எடுத்த மங்கலான படமும், அதே நேரத்தில் வரைந்த பக்கமும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட மிகுந்த பலம் உண்டு. மங்கலான படத்தில் இல்லாத அசைவு, தோரணை, திரும்பியபோது தெரிந்த முதுகு ஆகியவை வரைபடத்தில் இருக்கும்.

இனி, வரையப் பழகுவது. அரிய பறவையை வரையக் கற்க அரிய பறவை வரும்வரை காத்திருந்தால் நடக்காது, ஏனென்றால் அது வரும்போது உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சில வினாடிகள்தான். அன்றாடம் தென்படும் பறவைகளை அலுக்காமல் வரைந்திருப்பதே அதற்கான தயாரிப்பு. கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் காலை வேளையில் மடையான் ஒன்று அசையாமல் நிற்கும். தொடங்குவதற்கு அதைவிடப் பொறுமையான ஆசிரியர் இல்லை. கழுத்தை உள்ளிழுத்திருக்கும்போதும் நீட்டும்போதும் உடலின் வடிவம் எப்படி முற்றிலும் மாறிவிடுகிறது என்பதை அது உங்களுக்குக் காட்டும். சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தில் சிறகு எங்கே மடங்குகிறது என்று கற்கலாம். வீட்டு வாசலில் தவிட்டுக்குருவி, மின்கம்பியில் கரிச்சான், ஏற்காட்டில் எங்கு திரும்பினாலும் இருக்கும் செம்மீசைச் சின்னான். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போனால் கூண்டுப் பறவைகளை மிக அருகில் நின்று, இறகுகள் எப்படி வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று பார்க்கலாம். இதை நான் வலியுறுத்தக் காரணம் கை பழகுவது மட்டுமன்று. நீல ஈப்பிடிப்பானை நிழலிலும் வெயிலிலும் பலமுறை வரைந்த ஒருவர், அன்று அந்தச் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றிருந்தால், ‘இது அதுவா’ என்ற கேள்வியை மூளைக்கு முன் அவர் கண்ணே கேட்டிருக்கும்; பார்வை தானாக வாலின் அடிக்குப் போயிருக்கும். புதிய பறவை எதில் வேறுபடுகிறது என்று தெரிய, பழைய பறவை கையில் ஊறியிருக்க வேண்டும்.

கோடு போடும் முறையைச் சொல்கிறேன். கண்ணிலிருந்து தொடங்காதீர்கள், அலகிலிருந்தும் தொடங்காதீர்கள். தொடங்கினால் கண்ணும் அலகும் அழகாக வந்து, உடல் எங்கோ போய்விடும். முதல் கோடு, பறவை நிற்கும் சாய்வு: தலையிலிருந்து வால்வரை ஒரே கோடு. அது நிமிர்ந்து நிற்கிறதா, கிடைமட்டமாகவா என்பதே பல குடும்பங்களைப் பிரித்துவிடும். அதன் மேல் உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு சிறு வட்டம், இரண்டுக்கும் இடையே கழுத்து எவ்வளவு தெரிகிறது. பிறகு அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிட்டு இடுங்கள்; தலையில் பாதியா, தலைக்குச் சமமா, இரு மடங்கா. கண், அலகுப் பிளவுக் கோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னே என்று பாருங்கள். கால் முட்டையின் நடுவிலிருந்து புறப்படுகிறதா, பின்னாலிருந்தா. கடைசியாக, மடித்த சிறகின் நுனி வாலில் எதுவரை வருகிறது. இந்தக் கடைசி அடையாளத்தைத் தொடக்கக்காரர்கள் எவரும் பார்ப்பதில்லை. ஆனால் நாணல் கதிர்க்குருவிகளிலும் இலைக் கதிர்க்குருவிகளிலும் நிறத்தைவிட அது நம்பத்தக்கது. இவ்வளவையும் தாளைப் பாராமல், பறவையைப் பார்த்தபடியே இடப் பழக வேண்டும். கோடு கோணும், கோணட்டும். பறவை திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். பறவைகள் தம் தோரணைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். விட்ட படத்துக்கு மீண்டும் போகலாம். ஒரே பக்கத்தில் பாதி பாதியாக ஆறேழு சிறு படங்கள் இருப்பது நல்ல களப்பக்கத்தின் இலக்கணம். அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தவறான கோட்டின் பக்கத்தில் சரியான கோட்டை அழுத்திப் போடுவது போதும், எது முதலில் தோன்றியது என்பதும் பதிவாகிவிடும்.

அந்தச் சில வினாடிகளை எதில் செலவிடுவது என்பதையும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். என் வரிசை இது: அருகில் தெரிந்த பறவை எதுவும் இருந்தால் அதோடு ஒப்பிட்ட அளவு, அலகு, முகத்தின் கோடுகள், சிறகில் பட்டை உண்டா, பறக்கும்போது பிட்டமும் வாலும். அசைவைச் சொற்களில் எழுதுங்கள், ஏனென்றால் அதைக் கோட்டில் கொண்டுவருவது கடினம். காபிச் செடிகளுக்கு அடியில் நடக்கும் கொடிக்கால் வாலாட்டியை அதன் மார்பின் இரட்டைக் கறுப்புப் பட்டையை வைத்தே அறியலாம் என்றாலும், மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் ஆட்டும் என்ற ஒரு வரி, படம் இல்லாமலே அதை உறுதி செய்துவிடும். செந்தொண்டை ஈப்பிடிப்பான் வாலை அடிக்கடி சட்டென்று மேலே தூக்கும். நீங்கள் பார்த்த பறவை அப்படிச் செய்ததா என்று உங்கள் பதிவில் ஒரு சொல்கூட இல்லை. வண்ணத்தைக் களத்தில் பூசவே வேண்டாம். அம்புக்குறி இட்டுச் சொற்களில் எழுதுங்கள். எழுதும்போதும் வெறும் ‘பழுப்பு’ என்னாமல், தவிட்டுக்குருவியின் முதுகைவிட வெளிறிய பழுப்பு, மைனாவின் பழுப்பைவிடச் சிவந்தது என்று தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு எழுதினால் படிப்பவருக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும்.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கேட்டால், வடிவத்தையும் ஒளி நிழல் வேறுபாட்டையும் நம்பலாம். நிறத்தைப் பாதி நம்பலாம். தனித்து நிற்கும் பறவையின் அளவை நம்பவே கூடாது. ஏற்காட்டு மூடுபனியில் பின்னணி மறைந்துவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லாமல் அளவு கண்ணை ஏமாற்றும். அடர்ந்த மரக்கூட்டத்தின் கீழே வெள்ளை வயிறு பச்சை தோய்ந்து தெரியும். ஏரியில் வேறொரு தொல்லை. நீர் வற்றும் பருவத்தில் சேற்றில் இறங்கும் உள்ளான்களின் கால் நிறம் முக்கியமான அடையாளம். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதே அளவுள்ள டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பசுமை. காலில் சேறு அப்பியிருந்தால் இரண்டும் கறுப்பே. அப்போது கால் நிறம் என்று எழுதாமல், ‘சேறு படிந்த கால்’ என்று எழுதுவதுதான் உண்மை. உருவத்தில் ஒத்த மூன்று உள்ளான்கள் ஏறக்குறைய எல்லா ஏரிகளிலும் சேர்ந்தே வரும். அங்கே கோட்டோவியம் மிக நன்றாக உதவும். ஆற்று உள்ளானுக்குத் தோளருகே மார்பின் வெண்மை சிறகுக்கு முன்னால் ஆப்புப் போல் மேலேறும்; பொரி உள்ளானுக்குக் கண்ணுக்கு மேல் வெண்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும்; பச்சை உள்ளானுக்கு அது கண்ணோடு நின்றுவிடும், பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுத்திருக்கும். மூன்றுமே நாலு கோட்டில் வரையக்கூடியவை. இதற்கு மாறாக, விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும் புல்லில் பதுங்கி நிற்கையில் எவ்வளவு திறமையாக வரைந்தாலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. எழுந்து பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் தெளிவான வெண்கோடு தெரிந்தால் அது விசிறிவால். அந்த நொடியைப் பார்க்கவில்லையென்றால் இனத்தைக் குறிக்காமல் விடுவதே சரி.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். படங்களில் நாம் பழகிய பறவை பெரும்பாலும் இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும் ஆண். நம்மிடம் வருவதோ தேய்ந்த இறகோடும், இளம் பறவையின் உடையோடும், இறகு மாற்றத்தின் நடுவிலும். நீலச்சிறகி என்னும் வலசை வாத்தில் ஆணின் புகழ்பெற்ற வெண்புருவம் அது இங்கே வந்து சேரும் மாதங்களில் இராது; குளிர்காலத்தின் பெரும்பகுதி வரை அது பெண்ணைப் போலவே இருக்கும். சூறைக்குருவியின் இளம் பறவை ரோஜா நிறம் துளியும் இல்லாமல் மணல் நிறமாக இருக்கும். இவற்றைப் புத்தகத்தில் பார்த்தபடி ‘திருத்தி’ வரைகிறவர், கண் முன் இருந்த உண்மையை அழித்துவிடுகிறார். இலைக் கதிர்க்குருவிகளைப் பற்றி ஒரே வரி: ஏற்காட்டு மரங்களின் உச்சியில் குளிர்காலம் முழுவதும் திரியும் இவற்றில் சில இனங்கள் குரலால் மட்டுமே நம்பிக்கையோடு பிரிபடும், அங்கே பென்சிலைப் பையில் போட்டுவிட்டுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. சட்டைப் பையில் அடங்கும் கெட்டி அட்டைக் குறிப்பேடு, 2பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, 8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி. 10 மடங்கு நல்லதுதான், ஆனால் ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் வரையும்போது நடுங்கும். வலசைப் பறவைகள் வந்து இறங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களே வடகிழக்குப் பருவமழைக் காலமும் என்பதால், மலை மேல் தாள் எப்போதும் ஈரம் கோத்திருக்கும். மை பரவும், நீர்வண்ணம் காயாது, பென்சில் மட்டும் கைவிடாது. குறிப்பேட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். காபித் தோட்டங்கள் தனியார் நிலங்கள்; காவலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். அங்கே காட்டெருமைகள் நடமாடுகின்றன. தலை குனிந்து வரைகிறவருக்குச் சுற்றுப்புறம் மறந்துபோகும் என்பதால், தோட்டத்துக்குள் தனியே உட்கார்ந்து வரைவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை; ஒருவர் வரைய, ஒருவர் சுற்றிலும் பார்த்திருப்பது நல்லது. படம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகப் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், புதரைத் தட்டி வெளியே விரட்டுவதும் கூடவே கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உடல் வற்றிய பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் இழப்பு. ஆறுமணிக்குருவி வலசையின்போது களைத்து வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் புகைப்படம் பார்த்து அழகாக வரைவது தவறா என்ற கேள்வியும் எழலாம். சற்றும் தவறன்று, நானும் செய்கிறேன். இறகு அமைப்பையும் அலகின் நுட்பத்தையும் கற்க அதைப் போன்ற வழி இல்லை. மா. கிருஷ்ணன் தம் இயற்கைக் கட்டுரைகளுக்குத் தாமே வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களைப் பாருங்கள்: அவர் காட்டிலும் தோட்டத்திலும் நெடுநேரம் பார்த்துப் பழகிய பறவைதான் அங்கே நிற்கிறது என்பது கோட்டிலேயே தெரியும். அந்த நிலைக்கு வர இரண்டு வேலையும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் இரண்டு குறிப்பேடுகள் வையுங்கள். களப்பக்கத்தில் வீட்டுக்கு வந்தபின் ஒரு கோடும் சேர்க்காதீர்கள். வீட்டில் வரைந்து முடித்த ஓவியத்தின் ஓரத்தில், ‘இந்த நாள், இந்த இடத்தில் வரைந்த களப்படத்தின்படி, கால்களும் வாலும் புகைப்படத்தின்படி’ என்று எழுதிவிடுங்கள். அதன் பிறகு அதை எங்கும் காட்டலாம், சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். எவரையும் தவறான வழிக்குக் கொண்டுபோகாது.

உங்கள் நவம்பர்ப் பறவையை இப்போதைக்கு ‘இனம் தெரியாத ஈப்பிடிப்பான்’ என்று பதிவிடுங்கள். இபேர்ட் அதற்கும் இடம் தருகிறது. விவரப் பகுதியில் நேரம், தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை வினாடி, ஆரஞ்சு நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று நினைவில் உறுதியாக இருப்பதை மட்டும் எழுதி, படம் இணையப் படங்களைப் பார்த்த பிறகு வரையப்பட்டது என்பதையும் எழுதிவிடுங்கள். அதோடு, அதே மரத்துக்குத் திரும்பவும் போங்கள். குளிர்காலம் கழிக்க வரும் ஈப்பிடிப்பான்கள் தங்களுக்கென்று ஒரு சிறு பகுதியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அங்கேயே சுற்றும் இயல்புடையவை. மார்ச் வரை உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. காலையில், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அது வந்தால் முதலில் வாலின் அடியைப் பாருங்கள். வெள்ளை இல்லையென்றால், முதுகில் வெயில் படும்வரை காத்திருந்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளை இருந்தால் உடனே மார்புக்கு வாருங்கள்: நிறம் நின்ற இடம், அதன் ஓரம். இந்த மூன்றையும் வரைந்து, கோணலோ அரைகுறையோ, அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து இங்கே இடுங்கள். எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.